தெருவைப் பாத்த பேரு

ஒரு தெருவுல ஒரு குண்டான் இருந்துச்சு. அலுமினியம்தான், ஆனா வெள்ளிங்கிற நெனப்பு. ஏன்னா அதோட வயித்துல 'கு. மரகதம்'னு பேர் வெட்டியிருந்துச்சு. மரகதத்தோட கல்யாணச் சீர்ல வந்தது அது.

மரகதம் போய்ச் சேந்து எட்டு மாசம் ஆச்சு. அடியில ஓட்டை விழுந்த குண்டானை அவ வீட்டுக்காரர் தணிகாசலம் பழைய சாமான் கோணியில போட்டாரு. உள்ள ஏற்கனவே ஒரு தேஞ்ச விளக்குமாறு, மாவு டப்பா மூடி ரெண்டு, வலிக்கு ஒத்தடம் குடுக்கிற சிவப்பு ரப்பர் பை. எல்லாம் மரகதம் பொழங்கினதுங்க. நாளைக்கு எடைக்குப் போட்டுடுவாருன்னு விளக்குமாறு ஒப்பாரியே வச்சிடுச்சு.

ஆனா கோணி கடைக்குப் போகல. தணிகாசலம் வாசல்ல கொட்டி, பெயிண்டும் கம்பியும் எடுத்துக்கிட்டு உக்காந்தாரு. துக்கம் விசாரிக்க வர்றவங்களை அவரால தாங்க முடியல. ஒருத்தர் மனசத் தேத்திக்கோங்கன்னு சொல்லிட்டு, அதே மூச்சுல காபிக்குச் சக்கரை பத்தலைம்பாரு. இன்னொருத்தர் மரகதத்தோட வியாதியில ஆரம்பிச்சுத் தன் முழங்கால்ல முடிப்பாரு. இனிமே எவனும் கேட்டைத் தாண்டக் கூடாது, கோரமா ஒரு திருஷ்டி பொம்மை செஞ்சு மாட்டிடறதுன்னு முடிவு பண்ணிட்டாரு.

குண்டான் தலையாச்சு. மூடிங்க முழியாச்சு. விளக்குமாறு சடையாச்சு. பை நாக்காச்சு. பை மட்டும் மூக்கால அழுதுச்சு.

"அந்த மகராசிக்கு ராப்பகலா ஒத்தடம் குடுத்தவ நான். என்னைப் போயி பயங்காட்டச் சொல்றாரே."

"எனக்குச் சாம்பார் வாசனையே மறந்துபோச்சு, நான் அழுவுறேனா? நாக்கை நல்லா தொங்கப் போடு" அப்படின்னுச்சு குண்டான்.

தணிகாசலம் பேர் இல்லாத பக்கமாப் பாத்து முகம் வரைஞ்சாரு. கேட்டுக்கு மேல ஒத்தைக் கயித்துல கட்டினாரு. முகம் தெருவுக்கு, பேர் வீட்டுக்கு. தினம் சாயங்காலம் நாற்காலியப் போட்டு, அந்தப் பேரையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாரு.

குண்டான் வேலையில படு கெட்டி. தெரு நாய் வாலைச் சுருட்டிக்கிச்சு. முழங்கால்காரர் எதிர்சாரிக்கு மாறினாரு. வெள்ளிக்கிழமை தவறாம மரகதத்துக்கு முருங்கைக்கீரை கொண்டாந்து, கேட்டைப் புடிச்சுக்கிட்டு அரைமணி நேரம் கதை பேசின சகாயமேரிகூட, முந்தானையால முகத்தை மறைச்சுக்கிட்டு ஓடுனா.

மொத வாரம் முதுகுக்குப் பின்னால தணிகாசலம் குரல் கேட்டுச்சு. "மரகதம், இன்னிக்கு ஒருத்தரும் வரல." குண்டானுக்குப் பெருமை தாங்கல.

ரெண்டாவது வாரமும் அதையேதான் சொன்னாரு. குரல் எறங்கியிருந்துச்சு.

மூணாவது வாரம், "மரகதம், இன்னிக்கும் ஒருத்தரும் வரலியா?"ன்னாரு.

குண்டானுக்கு அந்தப் பெருமை எறங்கிடுச்சு. அந்தப் பக்கமாப் போன காத்தைக் கூப்புட்டு, தன்னைக் கொஞ்சம் திருப்பி விடச் சொல்லிக் கெஞ்சுச்சு.

"திருஷ்டி பொம்மை வீட்டைப் பாக்கக் கூடாதுடா. வீட்டுக்கு ஆகாது."

"வீட்டுல இருக்கிறதே ஒத்த ஆளு. இதுக்கு மேல அவருக்கு என்ன ஆகணும்?"

காத்து ஒரு தள்ளு தள்ளுச்சு.

அன்னிக்கு வெள்ளிக்கிழமை. தணிகாசலம் நாற்காலியோட வந்தா, நாக்கு நீண்ட முகம் அவரையே முறைக்குது. கேட்டு வேற கிறீச்சுன்னுச்சு. பாத்தா, கூடையோட சகாயமேரி.

"யாரும் வர வேணாம்னுதானேம்மா பொம்மை கட்டியிருக்கேன்."

"பொம்மையக் காணமேண்ணா. மரகதக்கா பேருதான் தெருவைப் பாத்து இருந்துச்சு. கூப்புட்ட மாதிரி இருந்துச்சு, வந்துட்டேன்."

தணிகாசலம் கொண்டாந்த நாற்காலியத் துண்டால தொடச்சாரு. அப்புறம் அதை அவ பக்கமா நகத்திப் போட்டாரு.

"காபி குடிப்பியா? சக்கரை பத்தாது, இப்பவே சொல்லிட்டேன்."

மறுநாள் காலையில அவரு ஏணியும் ரெண்டாவது கயிறுமா வந்ததைப் பாத்துக் குண்டான் காத்தைத் தேடுச்சு. பழையபடி திருப்பிடுவாருன்னு பைகூடச் சுருண்டு உள்ள போகப் பாத்துச்சு. அவரு திருப்பல. காத்து விட்டுட்டுப் போன மாதிரியே, ஆடாம இழுத்துக் கட்டினாரு.

அந்தத் தெருவுல மத்த திருஷ்டி பொம்மையெல்லாம் வர்றவங்களை முறைக்குது. இது ஒண்ணு மட்டும், உள்ள தனியா உக்காந்திருக்கிறவரு எழுந்து வெளிய வர்ற வரைக்கும் முறைக்குது.