பால் காய்ச்சிய வீடுகள்

குருவுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபது. வீடு வாங்கும் விஷயத்தில் இதெல்லாம் சகஜம்.

குருவின் பெயர் செங்கமலம். கோவை எந்தப் பக்கம் வளர்ந்ததோ அந்தப் பக்கமெல்லாம் அவருக்கு ஒரு சின்ன வீடு இருந்தது. அவற்றில் எதிலும் ஆள் இல்லாமல் 'வாடகைக்கு' என்ற பலகை தொங்கிப் பார்த்தவர்கள் இல்லை. இடம் வாங்கப் போகிறவர்கள் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் போவார்கள். அவரும் ஒரு வார்த்தைதான் சொல்வார்.

சீடர் சிகாமணி, மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் செருப்பைக் கழற்றக்கூட மறந்து உள்ளே வந்தார்.

"அம்மணி, அடுக்குமாடியில ரெண்டு பிளாட்டுங்க! பக்கத்துப் பக்கத்துல! ரிங் ரோடு வருது, ஐ.டி. கம்பெனி வருது. ரெண்டு மூணு வருசத்துல டபுளாயிருமுங்க!"

"பணத்துக்கு?"

"இருக்கற வீட்டைக் குடுத்தர்றேன். பார்ட்டி ரெடியா இருக்காரு. திங்கக்கிழமை அட்வான்ஸோட வர்றாரு. ஞாயித்துக்கிழமை பிளாட்டுக்கு டோக்கன் பணம் போட்டுட்டேன்னா, அவருகிட்ட தைரியமா கை நீட்டிருவேன்."

"அப்புறம் நீங்க எங்க இருப்பீங்க?"

"டவுனுக்குள்ளயே வாடகைக்குப் போயிக்கறோம். ரெண்டும் டபுளானதும் பங்களாவே வாங்கிறலாமுங்க. எங்க சகலை இப்படித்தான் வாங்கி வித்து, இன்னிக்குக் கார்ல போறான்."

"வீட்டுல அக்கா என்ன சொல்றாங்க?"

சிகாமணியின் சுருதி இறங்கியது. "அது அவ நின்னு கட்டின வீடுங்களே. செங்கலுக்குத் தண்ணி ஊத்தினதே அவதான். விக்கறேன்னதும் பேச்சை நிறுத்திட்டா. நேத்துதான் வாயைத் தொறந்து, அந்த அம்மணி சரின்னா எனக்கும் சரின்னு சொன்னா."

"ஞாயித்துக்கிழமை எடம் காட்டக் கூட்டிட்டுப் போற வேன்ல எனக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லுங்க," என்றார் செங்கமலம்.

இலவச வேன், இலவசச் சாப்பாடு. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? வேன் கிளம்புவதற்கு முன்பே கல்யாணக் களை வந்துவிட்டது. முன் சீட்டுக்காரர் தான் வாங்கிப்போட்ட மனை இன்று என்ன விலை என்று சொன்னார். பின் சீட்டுக்காரர் அதற்கு மேல் ஒரு விலை சொன்னார். கடைசி சீட்டு அம்மா, தான் விற்றுவிட்ட மனையை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டார். சிகாமணிக்கு உட்காரவே முடியவில்லை. பொய் சொல்வானேன், அந்த வேனில் நான் இருந்திருந்தால் என் கையும் பரபரத்திருக்கும்.

செங்கமலம் மட்டும் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தார்.

இடம் என்னவோ பிரமாதம்தான். பலூன் வளைவு, செண்டை மேளம், வருகிறவர்களுக்கெல்லாம் ரோஸ்மில்க். மாதிரி வீட்டில் சிகாமணி மெத்தையில் உட்கார்ந்து ஆடிப் பார்த்தார். தட்டிலிருந்த ஆப்பிளை எடுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக். அதற்கும் சந்தோஷப்பட்டார்.

டை கட்டிய விற்பனை மேலாளர் மைக்கைப் பிடித்தார். "அந்தா தெரியுது பாருங்க ஏ பிளாக், மொத்தமும் வித்தாச்சு! பி பிளாக் இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் தாங்காது! சாப்பாட்டுக்கு முன்னாடி டோக்கன் போடறவங்களுக்கு மாடுலர் கிச்சன் ஃப்ரீ!"

"கேட்டீங்களா அம்மணி? ஒரு வீடு பாக்கி இல்லையாம்!"

"கேட்டனுங்க. எனக்குத் தாகமா இருக்குது. அந்த ஏ பிளாக்ல ஏதாச்சும் ஒரு வீட்டுல தண்ணி வாங்கிட்டு வாங்களேன்."

"இங்கயே பாட்டில் தர்றாங்களே?"

"எனக்கு வீட்டுத் தண்ணிதான் வேணும்."

குரு கேட்டால் மறுக்க முடியுமா? சிகாமணி ஓட்டமும் நடையுமாகப் போனார்.

முதல் வீட்டில் மணியடித்தார். பதில் இல்லை. அப்புறம்தான் பூட்டைப் பார்த்தார். நிலையில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. தோரணத்து மாவிலை காய்ந்து சுருண்டிருந்தது. கதவின் மேல் ஒட்டிவந்த பிளாஸ்டிக் தாளை யாரும் உரிக்கவில்லை. அடுத்த வீடும் அப்படியே. அதற்கடுத்த வீடும் அப்படியே.

"ஞாயித்துக்கிழமை பாரு, எல்லாரும் வெளிய போயிருப்பாங்க," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேல் மாடியிலும் பூட்டுகளைப் பார்த்தபோது அதை இன்னொரு முறை சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

கடைசி மாடியில் ஒரு வீட்டு வாசலில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அவர் மணியைத் தொடும் முன்பே கதவு திறந்தது.

"குடி வந்துட்டீங்களா!" என்றார் ஒரு பெண். முகமெல்லாம் சிரிப்பு. "எந்த வீடுங்க? எதிர் வீடா? உள்ள வாங்க, மொதல்ல உள்ள வாங்க!"

அவர் பெயர் பிலோமினா. கணவருக்குப் பக்கத்து மில்லில் வேலை. அதனால் இங்கேயே வாங்கி, இங்கேயே இருக்கிறார்கள். தண்ணீர் கேட்க வந்தவருக்குக் காபி வந்தது, முறுக்கு வந்தது. பேச்சு மட்டும் நிற்கவில்லை.

"யாராச்சும் பால் காய்ச்சறாங்கன்னா மொத ஆளா ஓடுவனுங்க. பக்கத்துல ஆள் வந்தாச்சுன்னு அத்தனை சந்தோசம். கையில பாயசத்தைக் குடுப்பாங்க, போட்டோ எடுப்பாங்க, பூட்டிட்டுக் காரேறிப் போயிருவாங்க. இந்த பிளாக்ல நான் குடிக்காத பாயசம் இல்லைங்க. ஆனா ஒரு கொத்து கறிவேப்பிலை வேணும்னா கேக்க ஆளில்லை. அரிசி மாவு விக்கறவங்க வந்து பாத்துட்டு, ஒரு வீட்டுக்காக எப்படி வர்றதுங்கன்னு போயிட்டாங்க. இனிக் கவலையில்லை. நீங்க எப்பங்க சாமான் எறக்கறீங்க?"

சிகாமணி முறுக்கைக் கீழே வைத்தார்.

"இல்லீங்க... நாங்க வாங்கிப்போட்டு, வெலை ஏறினதும் குடுத்தர்றதுக்குங்க."

"ஓ," என்றார் பிலோமினா. "நீங்களும் அப்படித்தானுங்களா."

அவருடைய முகம் விழுந்ததைப் பார்க்க சிகாமணிக்குக் கஷ்டமாகப் போய்விட்டது. அப்படியும் அந்தம்மா ஒரு செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தார். "செம்பைத் திருப்பிக் குடுக்கறதுக்காச்சும் ஒருக்கா வாங்க," என்று மாடிப்படி வரை கூடவே வந்தார்.

கீழே வந்தால் செண்டை மேளம் உச்சத்தில் இருந்தது. டோக்கன் மேஜையைச் சுற்றி ஒரே தள்ளுமுள்ளு. "பி பிளாக்ல இன்னும் கொஞ்சம் வீடுதான் பாக்கி!" என்று மைக் அலறியது. வேனில் வந்தவர்கள் காசோலையை விசிறியபடி முண்டினார்கள். சிகாமணிக்கு மறுபடியும் ரத்தம் சூடேறிவிட்டது. செம்பைச் செங்கமலத்தின் கையில் திணித்து, மேலே நடந்ததையெல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பித்து, அதே வேகத்தில் வரிசையில் புகுந்து மேஜைக்கு வந்துவிட்டார். செங்கமலமும் கூடவே வந்து நின்றார்.

"பாவமுங்க அந்தம்மா. ஆனா பாருங்க, ஊரே அள்ளிட்டுப் போகுது! பேனாவும் குடுத்துட்டாங்க. சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க அம்மணி!"

செங்கமலம் அண்ணாந்து நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"சரிங்கண்ணா. போடுங்க."

சிகாமணி துள்ளிக் குதிக்காததுதான் குறை.

"ஒண்ணுல நீங்க குடி வந்துருங்க," என்றார் செங்கமலம். "டவுன்ல எதுக்கு வாடகை தண்டம்? அந்தம்மாவுக்கும் தொணையாச்சு. சாமான் ஏத்த நானே வண்டி சொல்லிர்றேன்."

"நானுங்களா? இங்கயா?" சிகாமணி வாய்விட்டுச் சிரித்தார். "கறிவேப்பிலைக்கு ஆளில்லாத எடத்துல எவனுங்க வந்து குடியிருப்பான்!"

"அவனைத்தானுங்கண்ணா காலையில இருந்து நானும் தேடறேன். கடைசியில உங்ககிட்ட இந்த பிளாட்டை வாங்க வேண்டியவன் அவன்தானே?"

மேளம் அடித்துக்கொண்டே இருந்தது. வரிசையில் பின்னால் நின்றவர், "போடறீங்களா, இல்லீன்னா நகந்துக்கறீங்களா?" என்றார்.

சிகாமணி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தார்.