கழுவாத காசு

தரங்கம்பாடிக் கோட்டையில் டேனியர் கொடி பறந்த காலம். யோனாஸ் என்ற வைத்தியர் அங்கே பழங்காசுகளும் நத்தை ஓடுகளும் சேர்த்துக்கொண்டிருந்தார். காசு வாசிப்பார் என்பதால் ஊர் அவரை மதித்தது. நத்தை பொறுக்குவதைப் பார்த்துச் சிரித்தது. அவருடைய சீடர் ஞானாதிக்கம் குருவைவிட எட்டு வயது மூத்தவர். நத்தை விஷயத்தில் அவரும் ஊர்க் கட்சிதான்.

வறண்ட குளத்தில் கிணறு தோண்டிய கொளஞ்சிக்கு ஒரு பானையில் நாற்பது செப்புக்காசு கிடைத்தது. "நாற்பதும் என் பெட்டியில் இருந்தவை. இவன் திருடியிருக்கிறான்" என்றார் கிடங்கு அதிகாரி. நிரூபணமானால் முப்பது கசையடி. காசுகளைப் பார்த்துச் சொல்லும்படி கவர்னர் யோனாஸிடம் அனுப்பினார்.

யோனாஸ் வீடு திரும்புவதற்குள் ஞானாதிக்கம் புளி போட்டுத் தேய்த்துக் காசுகளைப் பளபளவென்று அடுக்கிவிட்டார்.

"எழுத்தெல்லாம் எப்படித் தெரிகிறது பாருங்கள், ஐயா."

யோனாஸின் முகம் வெளுத்தது. "எல்லாவற்றையுமா தேய்த்தீர்?"

"ஒன்று பாக்கி. என் வீட்டிலிருந்து கொண்டுவந்த புளி தீர்ந்துவிட்டது."

"உம் வீட்டம்மா சிக்கனக்காரி. பிழைத்தோம்."

மறுநாள் கோட்டையில் கொளஞ்சி கைகள் கட்டப்பட்டு நின்றான். யோனாஸ் அந்த ஒரு காசைப் பூதக்கண்ணாடிக்குக் கீழே வைத்துக் கவர்னரை அழைத்தார்.

"பல வருஷமாக ஏறிய பச்சைக் களிம்புக்குள் கடுகளவு நத்தை ஓடு ஒன்று பதிந்திருக்கிறது பாருங்கள். இந்த நத்தை குளத்துச் சேற்றில்தான் இருக்கும். வேறெங்கும் நான் கண்டதில்லை."

கவர்னர் குனிந்து பார்த்துத் தலையசைத்தார்.

யோனாஸ் அதிகாரியிடம் திரும்பினார். "நாற்பதும் உங்கள் பெட்டியில் இருந்தவை என்றீர்கள். பெட்டிக்குள் குளம் வெட்டியிருந்தீர்களா?"

கவர்னரே சிரித்துவிட்டார். கொளஞ்சியின் கைக்கட்டை அவிழ்த்துப் பானையையும் கொடுத்தார்கள். கொளஞ்சி அதைத் தலையில் வைத்துக்கொண்டு, அழுதபடியே சிரித்தபடியே வாசலுக்கு வந்தான். வெளியே காத்திருந்த அவன் சனங்கள் போட்ட கூச்சலில் கோட்டையே அதிர்ந்தது. சந்தோஷத்தில் யோனாஸையும் தூக்கிவிட்டார்கள்.

ஞானாதிக்கத்தை வெட்கம் பிடுங்கித் தின்றது. கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்தார்.

"எழுத்துதான் பேசும் என்று நினைத்து அழுக்கைக் கழுவிவிட்டேன், ஐயா."

"எழுத்து, ராஜா சொல்லச் சொன்னதைச் சொல்லும்" என்றார் யோனாஸ். "அழுக்குக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை."