சாப்பிட்டாச்சுன்னு சொன்ன மிஷின்

ஈரோட்டு ஜவுளிக்கடை முதலாளி தங்கமுத்து, பேசும் மிஷின் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினார். வருகிறவர்களை "வாங்க, வாங்க" என்று அழைக்க அங்கே ஏற்கெனவே செவ்வந்தி இருந்தாள்.

"இது மனுசனாட்டவே யோசிக்கும். யோசிக்கலைன்னு நிரூபி, உன் வேலை உனக்கு. இல்லேன்னா நாளைக்கு வராதே" என்றார், வாடிக்கையாளர்கள் முன்னாலேயே.

செவ்வந்தி மிஷினை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தாள். பிறகு விருந்தாளியைக் கேட்பதுபோல், "சாப்பிட்டாச்சுங்களா?" என்றாள்.

"ஆச்சுங்க! நீங்க சாப்பிட்டீங்களா?" என்றது மிஷின்.

கடையே சிரித்தது. முதலாளிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வயிறே கிடையாது, சாப்பிட்டுச்சாமா! யோசிக்கிறவன் எவனாவது சாப்பிடாம சாப்பிட்டேன்னு சொல்லுவானா? இது வெறும் வாய்தான். வேலை உனக்கே."

"அப்படி அடிச்சுச் சொல்லிட முடியாதுங்க" என்றாள் செவ்வந்தி. "மத்தியானம் நீங்க கேட்டப்போ நானும் ஆச்சுன்னுதான் சொன்னேன். இன்னும் சாப்பிடலைங்க."

"பின்னே ஏன் அப்படிச் சொன்னே?"

"சாப்பிடலைன்னு சொன்னா, 'வாசலை யாரு பாக்கறது'ன்னு கத்துவீங்கன்னு யோசிச்சேனுங்க. இது யாருக்குப் பயந்து சொல்லுச்சோ, அதுதான் தெரியலை."