குழிக்குள் இறங்கியவர்

"உயிர் போய்விட்டது என்று யார் பார்த்தது?" என்று மாசிலாமணி கேட்டார்.

"போகவில்லை. ஒடுங்கிவிட்டது" என்றார் தம்பிரான்.

"இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"அது உம்முடைய பள்ளிக்கூடத்துப் பாடத்தில் இருக்காது, வாத்தியாரே."

மடத்துக் குருவான சாமி வில்வ மரத்தடியில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தார். முந்தின நாள் காலையில் கண்ணை மூடியவர். இன்னும் திறக்கவில்லை. உடம்பில் ஓர் அசைவும் இல்லை.

எதிரே புதிதாக வெட்டிய குழி. உள்ளே சுற்றிலும் செங்கல் கட்டி, நடுவில் உட்கார ஒரு கல் போட்டிருந்தார்கள். கரையில் விபூதியும் வில்வ இலையும் கர்ப்பூரமும் குவிந்து கிடந்தன. கூடை கூடையாகக் கல்லுப்பு வந்துகொண்டிருந்தது.

மடத்துக் குருவை எரிப்பதில்லை. குழியில் உட்கார வைத்து, இவற்றைக் கொட்டி நிரப்பி, மேலே பலகைக்கல்லால் மூடி, அதன்மேல் லிங்கம் வைப்பார்கள். உச்சிப்பொழுதுக்குள் மூடிவிட வேண்டும் என்று தம்பிரான் சொல்லியிருந்தார்.

தம்பிரான் மூத்த சீடர். சாமிக்குப் பிறகு பீடம் அவருக்கு.

மாசிலாமணி கடைசியாக வந்த சீடர். வயதில் சாமியையும் விட மூத்தவர். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்தியவர். மனைவி இறந்தபின் போக்கிடம் இல்லாமல் மடத்து வாசலில் வந்து நின்றார். சாமி ஒரு கேள்வியும் கேட்காமல் பாய் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சாமியை உயிரோடு மூடிவிடுவார்களோ என்பதுதான் இப்போது மாசிலாமணியின் பயம்.

"செங்கல் எப்போது வந்தது?"

"போன வாரம்."

"போன வாரம் சாமி நன்றாகப் பேசிக்கொண்டிருந்தார்."

"அவர்தான் சொன்னார், குழி வெட்டி வை என்று."

"யாரிடம்?"

"என்னிடம்."

"கூட யார் இருந்தது?"

"சாமி இருந்தார். நான் இருந்தேன். போதாதா?"

மாசிலாமணிக்குப் போதவில்லை.

"ஒரு டாக்டரை வரச் சொல்லுவோம்."

"தீட்சை வாங்காதவர் கை சாமி மேல் படக்கூடாது. மடத்து வழக்கம்."

"நான் தீட்சை வாங்கியவன்."

"தெரியும். உமக்குக் கொடுக்க வேண்டாம் என்று நான்தான் சாமியிடம் சொன்னேன். கேட்கவில்லை."

மாசிலாமணி சாமியின் அருகில் போய் மணிக்கட்டில் விரல் வைத்தார். ஏதோ துடித்தது. அது சாமியின் நாடியா, தன் விரலின் நாடியா என்று அவரால் சொல்ல முடியவில்லை. அவருக்கு ரத்தக் கொதிப்பு உண்டு.

"உடம்பு சூடாக இருக்கிறது."

"யோக அக்கினி."

"குளிர்ந்திருந்தால்?"

"சமாதி."

"நேற்றுப் போன உயிர் என்றால் இந்நேரம் நாற்றம் வந்திருக்க வேண்டும்."

"சித்தி அடைந்த உடம்பு நாறாது."

மாசிலாமணி விளக்கித் தேய்த்த செம்பு ஒன்றை எடுத்துச் சாமியின் மூக்கருகே பிடித்தார். பளபளப்பில் லேசாக ஆவி படர்ந்தது. உடனே மறைந்தது.

"பார்த்தீரா?"

"நீர்தான் குனிந்து மூச்சு விடுகிறீர்."

அதுவும் உண்மையாக இருக்கலாம்.

"உயிருள்ளது அசையும். மூச்சு விடும். தின்னும். கழிக்கும். வளரும். தொட்டால் உணரும். தன் இனத்தைப் பெருக்கும். பிள்ளைகளுக்கு இப்படித்தான் நடத்தினேன்" என்றார் மாசிலாமணி. தனக்கே சொல்லிக்கொள்வதுபோல் இருந்தது.

"கடைசியாகச் சொன்னீரே, அதை வைத்துப் பார்த்தால் இந்த மடத்தில் ஒருவருக்கும் உயிர் இல்லை."

உப்புச் சுமந்து வந்தவர்கள் சிரித்தார்கள்.

"பழைய கணக்கிலேயே பாருமே" என்றார் தம்பிரான். "புல்லுக்கும் மரத்துக்கும் தொடுவுணர்வு. ஓரறிவு. சிப்பிக்கு நாக்கும் சேர்ந்து இரண்டு. எறும்புக்கு மூக்கு. நண்டுக்குக் கண். மாட்டுக்குக் காது. மனிதனுக்கு மனம். எதுவரை இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும். காத்திருக்கிறேன்."

அவர் கேலி செய்கிறாரா, நேரம் கடத்துகிறாரா, உண்மையாகவே சொல்கிறாரா? மாசிலாமணிக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் பார்த்தார்.

காதருகே குனிந்து, "சாமி" என்று கூப்பிட்டார். பதில் இல்லை.

மூடிய இமைக்கு எதிரே கர்ப்பூரம் காட்டினார். இமை துடிக்கவில்லை.

மூக்குக்குக் கீழே சாம்பிராணி. உதட்டில் ஒரு சொட்டுத் தேன்.

கடைசியாக, ஒரு தர்ப்பைப் புல்லால் உள்ளங்காலை வருடினார்.

ஒன்றும் இல்லை.

"எதுவரை இறங்கினீர்?"

"அடிவரை."

"அப்படியானால் கல். நாங்கள் சிவம் என்கிறோம்."

"செடி அளவுக்கு உயிர் மிச்சம் இருந்து, நான் கண்டுபிடிக்கத் தவறியிருந்தால்? செடியைக்கூட உயிரோடு புதைக்க மாட்டேன், தம்பிரானே."

"செடியைப் புதைத்தால்தான் அது பிழைக்கும், வாத்தியாரே."

"விளையாடாதீர். உயிரோடு மூடினால் கொலை."

"உயிர் இருந்தால் ஜீவசமாதி. இல்லாவிட்டால் சமாதி. குழி ஒன்றுதான்."

மாசிலாமணி அவர் முகத்தையே பார்த்தார். தப்புச் செய்த பிள்ளையை முகத்தை வைத்தே பிடித்துவிடுவார் என்று பள்ளிக்கூடத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. தம்பிரானின் முகத்தில் துக்கமும் இல்லை, சந்தோஷமும் இல்லை.

"பீடத்துக்கு இவ்வளவு அவசரமா?"

தம்பிரான் கோபப்படவில்லை.

"வேண்டுமானால் அதில் நீர் உட்கார்ந்துகொள்ளும். சாமி சொன்னதைச் செய்ய விடும்."

"சாமி சொன்னதாக நீர் சொல்கிறீர்."

"ஆமாம். நான்தான் சொல்கிறேன். வேறு யாரிடமும் அவர் சொல்லவில்லையே, அவர்கள் எப்படிச் சொல்ல முடியும்?"

வில்வ மரத்தின் நிழல் அடிமரத்துக்குள் சுருங்கிவிட்டது. தம்பிரான் கையசைத்தார். சாமியைத் தூக்குவதற்கு நால்வர் காவித் துணியை விரித்தார்கள்.

மாசிலாமணி மேற்கொண்டு வாதாடவில்லை. குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உள்ளே இறங்கினார். முழங்கால் வலி உள்ளவர். நடுவில் கிடந்த கல்லின்மேல் சிரமப்பட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

துணியை விரித்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

தம்பிரான் எட்டிப் பார்த்தார். "என்ன இது?"

"உட்கார்ந்திருக்கிறேன்."

"எழுந்து வாரும். நேரம் தாண்டுகிறது."

"தாண்ட வேண்டாம். மூடும்."

"வாத்தியாரே!"

"உயிர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குழி ஒன்றுதான் என்றீர். அவருக்கு இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு இருக்கிறது. அது நிச்சயம். கொட்டும்."

 கரையில் நின்றவர்கள் தம்பிரானைப் பார்த்தார்கள்.

தம்பிரான் குனிந்து ஒரு கூடையைத் தூக்கினார். சும்மா பயம் காட்டுகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உப்பு சரசரவென்று மாசிலாமணியின் மடியில் விழுந்தது.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டார். எழவில்லை.

இரண்டாவது கூடை தொடைகளை மூடியது.

மூன்றாவது கூடையைத் தூக்கிய தம்பிரான் அதைக் கவிழ்க்காமல் விளிம்பிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். 

"மேலே ஏறு."

குரல் மரத்தடியிலிருந்து வந்தது.

சாமியின் கண்கள் திறந்திருந்தன. அவர் தம்பிரானையும் பார்க்கவில்லை, கூட்டத்தையும் பார்க்கவில்லை. குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறு என்கிறேன். அது என் இடம். தம்பிரானிடம் சொல்லி, நான் எனக்காக வெட்டச் சொன்னது."

தம்பிரான் கூடையைக் கீழே வைத்தார்.

  'என் இடம்' என்று தான் சொன்னதைத் தானே காது கொடுத்துக் கேட்பதுபோல் சாமி தலையைச் சாய்த்தார்.

பிறகு மடக்கிய கால்களை ஒவ்வொன்றாக நீட்டினார்.

"கஞ்சி இருக்கிறதா?" என்றார்.