பின் சீட்டின் நட்டு

"தூக்கம் வர மாட்டேங்குது, அம்மா."

வந்து உட்கார்ந்ததும் ஒச்சப்பன் சொன்னது இதைத்தான். போன வாரமும் இதையேதான் சொன்னான்.

சடையம்மாள் கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மலைச்சாலை ஓரத்து மடத்தில் அவள் ஒருத்திதான். ஒச்சப்பனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அந்தப் பக்கத்து ஜனம் முழுக்க அவளை அம்மா என்றுதான் கூப்பிடும். நாம் ஒன்று கேட்டால் அவள் வேறொன்று கேட்பாள், மண்டை காய்ந்துவிடும்.

"உன் ஜீப்புல பின் சீட்டு என்னாச்சு?"

"அன்னைக்கே அறுத்துப் பள்ளத்துல வீசிட்டேன்."

பாழாய்ப்போன சீட்டு அது. ஏலத் தோட்டத்துக்கு வேலையாட்களை ஏற்றிப்போகிற நீள பெஞ்சு. மாட்டும்போது ஒரு பக்கத்து நட்டை ஒச்சப்பன் சரியாக முறுக்கவில்லை. ஆட்கள் காத்திருந்தார்கள், அப்படி ஒரு அவசரம். வளைவில் பெஞ்சு பிய்த்துக்கொண்டது. வெளியே விழுந்தவள் வனப்பேச்சி, அவன் தம்பி மொக்கராசின் பெண்டாட்டி. பிழைக்கவில்லை.

போல்ட் அறுந்துவிட்டது என்று ஒச்சப்பன் சொன்னான். ஊரும் நம்பியது. தம்பியும் நம்பினான்.

"எல்லாம் போயிடுச்சா?" என்றாள் சடையம்மாள்.

"இன்னொரு பக்கம் சீட்டைப் பிடிச்ச தகடு ஜீப்புத் தரையிலயே இருக்கு. மூட்டை ஏத்தும்போதெல்லாம் சாக்கைக் கிழிக்குது."

"அதையும் கழட்டிட்டு வா."

மறுநாள் விரல் முட்டியெல்லாம் ரத்தக்கட்டோடு வந்து நின்றான்.

"கழல மாட்டேங்குது, அம்மா. கீழ படுத்து நட்டைத் திருப்பினா, மேல போல்ட்டும் சேர்ந்து சுத்துது. மேல ஒரு ஆள் ஸ்பேனர் போட்டுப் பிடிக்கணும்."

"பிடிக்கச் சொல்லு."

"நீங்க கொஞ்சம் வந்து..."

"அந்த சீட்டுல நான் யாரையும் பறிகொடுக்கலையே."



"தம்பிகிட்டப் போயி எப்படிம்மா நிப்பேன்?"

சடையம்மாள் பானையைக் கவிழ்த்து வைத்தாள்.

"பட்டறையில குடுத்து அறுத்துடுறேன்" என்றான்.

"தாராளமா. தூக்கம் வந்துட்டா இந்தப் பக்கம் வராதே."

உள்ளே போய்விட்டாள்.

வழி நெடுக அவளைத் திட்டிக்கொண்டே வந்தான். இவளெல்லாம் ஒரு சாமியாரா, இவளிடம் வந்தேனே என்று தன்னையும் திட்டிக்கொண்டான். பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினான். இறங்கவில்லை. வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்துவிட்டு, தம்பி வீட்டுக்குத் திருப்பினான்.

மொக்கராசு முற்றத்தில் இருந்தான். பெண்டாட்டி போனதிலிருந்து அவன் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. தகட்டைக் கழட்டணும் என்று அண்ணன் நீட்டிய ஸ்பேனரை வாங்கிக்கொண்டான்.

பின்பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கிவிட்டு, ஒச்சப்பன் அடியில் நுழைந்து மல்லாந்து படுத்தான். மொக்கராசு ஜீப்புக்குப் பின்னால் நின்று உள்ளே குனிந்தான்.

"அண்ணே."

"என்னப்பா?"

"அந்தப் பக்கம் போல்ட் அறுந்துச்சுன்னியே. அறுந்திருந்தா ஓட்டை கிழிஞ்சிருக்கணுமே. இது புதுசு மாதிரி இருக்கு. ஒரு கீறல்கூட இல்ல."

மேலேயிருந்து துரு உதிர்ந்து ஒச்சப்பன் கண்ணில் விழுந்தது. பழைய போல்ட், அப்படித்தான் இருக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தம்பி நம்பியிருப்பான். பாவி, அவன் எதையும் நம்புகிறவன்.

"அறுந்து போகலடா. நான் நட்டை முறுக்கல."

கண்ணில் விழுந்த துருவை ஒச்சப்பன் துடைத்துக்கொண்டான்.

"அவசரத்துல விட்டுட்டேன். அப்புறம் பயத்துல பொய் சொல்லிட்டேன்."

ஸ்பேனர் தகரத்தில் விழுந்து உருண்டது. ஒச்சப்பன் திரும்பிப் பார்த்தான். தம்பியின் கால்கள் மட்டும் தெரிந்தன.

"ஜாக்கி என் காலடியிலதான் இருக்கு" என்றான் மொக்கராசு. "ஒரு எத்து எத்தினாப் போதும்."

"தெரியும்."

"வெளிய வந்துடு."

ஒச்சப்பன் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். கண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. தம்பியும் மேலே அழுதுகொண்டிருந்தான். வாய்விட்டே அழுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மேலே ஸ்பேனர் போல்ட்டில் வந்து உட்காருகிற சத்தம் கேட்டது.

"உன்னை மன்னிச்சுட்டேன்னு மட்டும் நினைக்காதே" என்றான் மொக்கராசு. "பிடிச்சிருக்கேன். திருப்பு."