திமில் எங்கே?

மதுரையில் ஓவியக் கண்காட்சி நடத்துகிற அம்பலவாணனுக்கு இன்ஸ்டாகிராமில் ஒரு லட்சம் ஃபாலோயர்கள். அந்தப் பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவாது. தன் ஓவியங்களுக்கு இடம் கேட்டு மேலூரிலிருந்து வந்து நின்ற செல்லக்கிளிக்கோ நானூற்றுப் பன்னிரண்டு பேர்தான். எல்லாரும் மாடு வளர்க்கிறவர்கள். அவர்கள் மாட்டையெல்லாம் பேர் கேட்டு வரைந்து போட்டிருக்கிறாள்.

"நானூறு பேருக்கெல்லாம் சுவர் கிடையாதும்மா. நாளைக்குள்ள என்னைவிட அதிகமா கமெண்ட் வாங்கிக் காட்டு, நடுச்சுவரே உனக்கு" என்றார் அவர்.

"சரி சார். ஒரே படத்தை ரெண்டு பேரும் போடுவோம்" என்றாள்.

அன்றைக்கே ஒரு ஜல்லிக்கட்டுக் காளையை வரைந்து அனுப்பினாள். "என்ன உயிரோட்டம்!" என்று எழுதி அவர் தன் பக்கத்தில் போட்டார்.

மறுநாள் செல்லக்கிளி மறுபடி கண்காட்சிக்கு வந்தபோது அவர் பக்கத்தில் அறுபது பேர் "சூப்பர் சார்" சொல்லியிருந்தார்கள். அவள் பக்கத்தில் ஆயிரத்தைத் தாண்டிச் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"கிளியக்கா, உடம்புக்கு ஏதும் முடியலையா? திமில் எங்கே?"

"எங்க வீட்டுக் கருப்பனை வந்து பாத்துட்டு வரைங்க!"

அம்பலவாணன் படத்தை மறுபடி பார்த்தார். காளைக்குத் திமிலே இல்லை. முதுகு பலகை மாதிரி இருந்தது.

"ஐயோ, உயிரோட்டம்னு வேற எழுதிட்டேனேம்மா!" தலையில் கை வைத்தவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

"விடுங்க சார், நான் வேணும்னே திமிலை விட்டதை உங்க லட்சம் பேரும்தான் கவனிக்கல."

அதற்குள் வாசலில் மேலூர் மாட்டுக்காரர்களோடு இரண்டு வேன்கள் வந்து நின்றன.

"திமில் போட்டாச்சான்னு பாக்க வந்திருக்காங்க. நடுச்சுவர் எது சார்?"