நாலாம் கிணற்றின் களிமண்

காலை ஆறு நாற்பது. போட வேண்டிய கிணறுகள் நான்கு. கூட வந்த உதவியாளர் பெயர் இன்னாசிமுத்து.

தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் நிலத்தடி நீர் ஆய்வாளர் மெஹ்ருன்னிசாவிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தார். இவருக்கு அறுபது நடந்தது, அவருக்கு முப்பத்தேழு. இந்தத் தொழிலில் நான் உங்கள் சிஷ்யன், தப்பு செய்தால் திட்டுங்கள் என்று முதல் நாளே சொல்லிவைத்தார். மெஹ்ருன்னிசா ஒருமுறைகூடத் திட்டவில்லை. அதுவே இன்னாசிமுத்துவுக்குச் சந்தேகமாக இருந்தது.

அது 2018ஆம் வருடம். கொத்தங்காடு பைபாஸ் ஓரத்து டீசல் கிடங்கில், மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டி ஓட்டையாகிப் பக்கத்து வீட்டுக் கிணறுகளில் வாடை அடிக்க ஆரம்பித்திருந்தது. டீசல் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். அதற்காகத்தான் இந்த நான்கு கிணறுகள். யாரும் குடிக்க அல்ல, சோதித்துப் பார்க்க மட்டும். கிணறு என்று பேரே தவிர, ஓர் ஆளின் கை நுழையும் அகலத்தில் ஒரு குழாய்.

கிடங்கு முதலாளி குலோத்துங்கன் ஆளுக்கு இரண்டு இளநீர் கொடுத்தனுப்பினார். இன்னாசிமுத்து தொடவில்லை. மெஹ்ருன்னிசா இரண்டையும் குடித்து, வழுக்கையையும் வழித்துச் சாப்பிட்டார். யார் கொடுத்ததையும் குடித்துவிடலாமா என்று இன்னாசிமுத்து ஜாடையாகக் கேட்டுப் பார்த்தார்.

"நல்ல இளநீர், ஏட்டய்யா. உங்க பங்கையும் இப்படிக் கொடுங்க."

கொடுத்தார். கொடுத்ததை மனதில் எழுதிக்கொண்டார்.

முதல் கிணற்றில் தண்ணீர் எடுத்த அன்று சந்தேகம் இன்னும் முற்றியது. மெஹ்ருன்னிசா குழாய்க்குள் சின்ன மோட்டாரை இறக்கி, வாளி வாளியாகத் தண்ணீரை வெளியே எடுத்தார். அதில் ஒரு துளியைக்கூடப் பாட்டிலில் பிடிக்கவில்லை. எல்லாம் பீப்பாய்க்குள் போனது. சாட்சியத்தை இப்படிக் கண் முன்னாலேயே அழிப்பதை இன்னாசிமுத்து தன் சர்வீஸில் பார்த்ததில்லை. வாய் விட்டே கேட்டுவிட்டார்.

மெஹ்ருன்னிசா மோட்டாரை நிறுத்தாமலே சொன்னார்: "ராத்திரி முழுக்க லாக்கப்புல கிடந்தவன், காலையில உங்ககிட்ட ஒத்துக்கிட்டா கோர்ட்டு எடுத்துக்குமா?"

"எடுத்துக்காது."

"இது பைப்புக்குள்ளயே கிடந்த தண்ணி. மண்ணுக்குள்ள இருந்து புதுசா வர்றது பேசட்டும்."

பதில் சரியாகத்தான் இருந்தது. ரொம்பச் சரியாகப் பேசுகிற ஆட்களை அவர் நிறையப் பார்த்திருந்தார். மெஹ்ருன்னிசா போன் வந்தால் தள்ளிப் போய்ப் பேசுவதையும், குலோத்துங்கன் அவருக்கு மட்டும் எழுந்து நின்று வணக்கம் சொல்வதையும் கவனித்துக்கொண்டே இருந்தார்.

நாலாவது கிணறு தொட்டிக்கு மிகப் பக்கத்தில். முப்பத்தெட்டு அடி வரை கறுத்த மணல் வந்தது, டீசல் நாற்றத்தோடு. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களிமண் வந்ததும் மெஹ்ருன்னிசா கையைத் தூக்கினார். போர் வண்டிக்காரர் பழனியாண்டி இயந்திரத்தை நிறுத்தினார்.

"அவ்வளவுதானா மேடம்? டீசல் இன்னும் கீழே போயிருக்கான்னு பார்க்க வேண்டாமா?" என்றார் இன்னாசிமுத்து.

மெஹ்ருன்னிசா அந்தக் களிமண்ணில் ஒரு பிடி எடுத்துப் பிசைந்து கிண்ணமாக்கினார். டீசல் மிதந்த தண்ணீரை அதில் ஊற்றி, ஒரு காகிதத்தின் மேல் வைத்தார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். காகிதம் நனையவில்லை.

"இதுக்குக் கீழே என்ன இருக்கு?" என்றார் இன்னாசிமுத்து.

"ஊர் குடிக்கிற தண்ணி."

இந்தக் கிணறு இதோடு சரி, நான் வந்த பிறகு பைப் இறக்கலாம் என்று சொல்லிவிட்டு, மற்ற மூன்று கிணறுகளின் பாட்டில்கள் இருந்த ஐஸ் பெட்டியோடு மெஹ்ருன்னிசா டவுனுக்குப் புறப்பட்டார்.

இன்னாசிமுத்து யாரிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. அவர் மகள் பிலோமினா வாழ்க்கைப்பட்டது கொத்தங்காடு கீழத்தெருவில். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். அந்தத் தெரு குடிப்பது மேல்நிலைத் தொட்டித் தண்ணீரை. தொட்டிக்கு ஏறுவது களிமண்ணுக்குக் கீழே இருக்கும் அந்த ஆழத்துத் தண்ணீர். சொந்தக்காரன் என்று தெரிந்தால் வேலையிலிருந்து விலக்கிவிடுவார்கள் என்று மறைத்திருந்தார். ஊர் குடிக்கிற தண்ணீரைத்தானே முதலில் பார்க்க வேண்டும்? அதை மட்டும் பார்க்காமல் நிறுத்தச் சொன்னது யார்? இரண்டு நாளாக உறுத்திய இளநீருக்கு இப்போது அர்த்தம் கிடைத்தது.

பழனியாண்டியிடம் போய், இன்னும் கொஞ்சம் இறக்கு என்றார்.

"மேடம் சொன்னாங்களா ஏட்டய்யா?"

"நான் சொல்றேன்."

"அது காதுல விழுந்துச்சு. மேடம் சொன்னாங்களான்னு கேட்டேன்."

இன்னாசிமுத்து பழைய குரலை எடுத்தார். பழனியாண்டி இயந்திரத்தைப் போட்டார்.

களிமண் ஒன்பது அடிதான். பிறகு வெள்ளை மணல் வந்தது. தண்ணீர் குளிர்ச்சியாக ஏறியது. ஒரு பாட்டில் பிடித்து முகர்ந்தார். வாடையே இல்லை. நம்பாமல், சாப்பிட்டுவிட்டு வந்து இன்னொரு பாட்டில் பிடித்தார். மேலே எண்ணெய்ப் படலம் வெயிலில் பளபளத்தது. முப்பது வருட சர்வீஸில் இவ்வளவு தெளிவாக ஒரு வழக்கு கிடைத்ததில்லை.

மெஹ்ருன்னிசா திரும்பி வந்தபோது மணி நான்கு. அவர் ஜீப்பிலிருந்து இறங்குவதற்குள் இன்னாசிமுத்து பாட்டிலை நீட்டினார்.

"பிடிச்சுட்டேன் மேடம். டீசல் கீழே இறங்கியிருக்கு."

மெஹ்ருன்னிசா கிணற்று வாயோரம் குவிந்திருந்த வெள்ளை மணலைப் பார்த்தார். பாட்டிலை வாங்கவில்லை. இதற்கு முன்னால் ஏதாவது பிடித்தீர்களா என்று கேட்டார். இன்னாசிமுத்து முதல் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அதை மட்டும் மெஹ்ருன்னிசா திறந்து, நெடுநேரம் முகர்ந்தார்.

"இந்தப் பாட்டிலுக்கும் அந்தப் பாட்டிலுக்கும் நடுவுல இங்கே யார் வந்தா, ஏட்டய்யா?"

"ஒருத்தரும் வரல மேடம். நான்தான் இங்கேயே..."

மேலே கிடந்த டீசல், களிமண்ணில் தான் போடச் சொன்ன ஓட்டை வழியாகத்தான் இறங்கியிருக்கிறது என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

மெஹ்ருன்னிசா அப்போதும் திட்டவில்லை. சிமென்ட் கொண்டுவரச் சொன்னார். அடியிலிருந்து மேல் வரை கிணற்றை அடைக்க இருட்டும் வரை ஆனது. மூட்டைகளில் பாதியை அவரே பிரித்துக் கொட்டினார். பழனியாண்டி, தான் கேட்டதைத் திரும்பத் திரும்பக் காற்றிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கை கழுவும்போது இன்னாசிமுத்து மகளைப் பற்றிச் சொன்னார். எல்லாவற்றையும் சொன்னார், இளநீர் உட்பட. மெஹ்ருன்னிசா கடைசி வரை கேட்டார்.

"தொட்டித் தண்ணி அவளுக்கு நல்லதான்னு தெரியணும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் மேடம்."

"அவ வீட்டுக் குழாயைத் திறந்து ஒரு பாட்டில் பிடிச்சிருக்கலாமே."

இன்னாசிமுத்து காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு கீழத்தெருவுக்குக் கிளம்பினார்.

அன்று இரவே பிலோமினா வீட்டுக் குழாயில் பிடித்த தண்ணீரில் டீசல் இல்லை என்று ஆய்வகம் சொன்னது. 2019 மார்ச் 11, திங்கட்கிழமை, கொத்தங்காடு மேல்நிலைத் தொட்டியின் ஆழ்குழாய்க் கிணறு, தண்ணீரில் டீசல் கலந்ததால் மூடப்பட்டது.